சியாட்டில் என்றொரு சில்லு

2012 அக்டோபர் 29. கணினிச் சில்லு செய்யும் ஏஎம்டி நிறுவனம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கூட்டம் போட்டு, இனி ஆர்ம் கட்டமைப்பிலும், அதாவது கைபேசிச் சில்லுகள் பேசும் ஆணைமொழியிலும், சர்வர் பிராசசர் செய்யப்போவதாக அறிவித்தது. இங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. சென்னையில் ஒரு சர்வர் அறையில் நான் இரவுப் பணியில் இருந்தேன். செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு, எழுந்துபோய் மூன்றாவது ரேக்கின் முன்னால் நின்றேன். அதில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே ஆப்டெரான். ஏஎம்டியின் சர்வர் பிராசசருக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர் இனி வேறொரு மொழி பேசும் சில்லின் மேல் வரப்போகிறது என்பதை என்னால் நம்பமுடியவில்லை.

ஏன் அப்படி ஓர் அதிர்ச்சி என்று சொல்ல 2003-க்குப் போகவேண்டும். பிராசசர் ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் அளவு அப்போது 32 பிட்டாக இருந்தது போதாமல் எல்லோரும் 64 பிட்டுக்கு நகரவேண்டிய கட்டாயம். இன்டெல், எச்பியோடு சேர்ந்து இட்டானியம் என்ற புதிய கட்டமைப்பைக் கொண்டுவந்திருந்தது. அதுவரை இன்டெல்லும் ஏஎம்டியும் செய்துவந்த எக்ஸ்86 கட்டமைப்புக்கு எழுதிய பழைய மென்பொருள்கள் அதில் ஓடும், ஆனால் நொண்டி நொண்டித்தான் ஓடும். ஏஎம்டி எதிர்த்திசையில் யோசித்தது. குடியிருப்பவர்களைக் காலிசெய்யச் சொல்லாமல் அதே வீட்டின் மேல் மாடி எடுத்துக் கொடுத்தது. 2003 ஏப்ரலில் வந்த முதல் ஆப்டெரானில் பழைய 32 பிட் நிரல்கள் முழு வேகத்தில் ஓடின. 64 பிட் வேண்டியவர்கள் மேலே ஏறிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே இன்டெல்லும் அதே வழிக்கு வந்துவிட்டது. இன்றும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் மென்பொருள் பொதிகளின் பெயரில், அவை இன்டெல் மெஷினுக்கானவையாக இருந்தாலும், 'ஏஎம்டி64' என்றுதான் இருக்கும். ஒரு சின்ன நிறுவனம் உலகத்துக்கே வைத்த பெயர் அது. தினமும் அதைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி இருக்கும்.

பழையதை விட்டுவரச் சொல்லாதே என்று உலகத்துக்குக் காட்டிய நிறுவனம், பழையதை விட்டுவா என்று 2012-ல் கூப்பிட்டது. அதற்கு அன்று நியாயமான காரணங்கள் இருந்தன. அவற்றில் முதலாவது எங்கள் அறையிலேயே கண்முன் இருந்தது.

எங்கள் மின்பணியாளர் அண்ணன் ஒவ்வொரு மே மாதமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "மெஷின் சாப்பிடுறது பாதி தம்பி, அதைக் குளிர வைக்கிற ஏசி சாப்பிடுறது மீதி." சர்வர் என்பது வாங்கும் விலையோடு முடிவதில்லை. வருடக்கணக்கில் கரண்ட் பில்லாக அது வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த மெஷின்களில் பெரும்பாலானவை செய்துகொண்டிருந்தது என்ன? வலைப்பக்கம் எடுத்துக் கொடுப்பது, படம் எடுத்துக் கொடுப்பது, கேட்டதை நினைவகத்திலிருந்து எடுத்து நீட்டுவது. சில்லறை வேலைகள், ஆனால் ஆயிரக்கணக்கில். இதற்கு 100 வாட் தின்னும் பெரிய பிராசசர் எதற்கு, கைபேசியில் இருப்பதுபோன்ற சிக்கனமான கோர்களை (பிராசசருக்குள் ஆணைகளை ஓட்டும் தனித்தனி அலகுகள்) நிறைய அடுக்கினால் போதாதா என்ற கேள்வி அப்போது எல்லா இடத்திலும் எழுந்தது. கால்செடா என்ற நிறுவனம் ஆர்ம் சில்லுகளை வைத்துக் குட்டி சர்வர்கள் செய்யத் தொடங்கியிருந்தது; எச்பி அவர்களோடு கைகோத்திருந்தது. ஏஎம்டி 2012 தொடக்கத்தில் 334 மில்லியன் டாலர் கொடுத்து சீமைக்ரோ என்ற நிறுவனத்தை வாங்கியது. நூற்றுக்கணக்கான சிறு பிராசசர்களை ஒரே பெட்டிக்குள் பின்னிவிடும் வித்தை அவர்களுடையது. ஆர்ம் அறிவிப்பு அதன் தொடர்ச்சிதான்.

ஆர்முக்குச் சிக்கனம் பிறவியிலேயே வந்தது. 1985-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் என்ற கணினி நிறுவனத்தில், சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் மிகச் சிறிய குழுவோடு முதல் ஆர்ம் சில்லை உருவாக்கினார்கள். அது வேலை செய்துகொண்டிருக்கும்போது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளக்கப்போனால் மீட்டர் பூஜ்யம் காட்டியதாம். பார்த்தால், சில்லுக்கான மின் இணைப்பே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பக்கத்துக் கம்பிகள் வழியாகக் கசிந்துவந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஃபர்பர் பலமுறை சொல்லியிருக்கும் கதை இது. எனக்கு ஒருபோதும் அலுக்காத கதையும்கூட.

இரண்டு கட்டமைப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் ஓலைச்சுவடியை வைத்துத்தான் சொல்வது. சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி இருக்காது, புள்ளியும் இருக்காது. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தால்தான் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். எக்ஸ்86 ஆணைகளும் அப்படித்தான். ஓர் ஆணை ஒரே பைட்டாக இருக்கலாம், 15 பைட் வரைகூட நீளலாம். முதலாவதைப் பிரித்தறியாமல் இரண்டாவதன் தலை எது என்று தெரியாது. 64 பிட் ஆர்மில் ஒவ்வோர் ஆணையும் சரியாக 4 பைட். கட்டம்போட்ட நோட்டில் எழுதியதுபோல, எட்டு ஆணைகளை ஒரே பார்வையில் எட்டாகப் பிரித்துவிடலாம். பிரிக்கும் வேலைக்கு ஆகும் மின்சாரம் மிச்சம்.

ஆனால் இந்த மிச்சத்தை மட்டும் நம்பி ஒரு நிறுவனம் திசைமாறக்கூடாது. பெரிய கோர் ஒன்றில் ஆணை பிரிக்கும் பகுதி தின்பது சிறு பங்குதான். எந்த ஆணை அடுத்து ஓடவேண்டும் என்று முன்கூட்டியே ஊகிப்பது, நினைவகத்திலிருந்து தரவை இழுத்துவருவது, இவைதான் பெரும் செலவு. அந்தச் செலவு எந்தக் கட்டமைப்பிலும் உண்டு. 'ஆர்ம் என்றால் சிக்கனம், எக்ஸ்86 என்றால் ஊதாரி' என்ற பேச்சை அன்றே நாங்கள் அதிகம் நம்பிவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாவது காரணம் பணமுடை. 2006 வாக்கில் சர்வர் சந்தையில் சுமார் நான்கில் ஒரு பங்கை வைத்திருந்த ஏஎம்டி, 2012-ல் ஒற்றை இலக்க சதவீதத்துக்கு வந்திருந்தது. 2011-ல் வந்த புல்டோசர் வடிவமைப்பு எதிர்பார்த்ததைத் தரவில்லை. 2012-ல் மட்டும் நட்டம் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஆர்ம் அறிவிப்புக்குப் பதினொரு நாள் முன்னால்தான் ஊழியரில் 15 சதவீதத்தைக் குறைக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். பங்கு விலை 2 டாலருக்குக் கீழே போனது. எக்ஸ்86 சண்டையில் இன்டெல்லைத் துரத்திப்பிடிக்க முடியாதவன், இன்டெல் இல்லாத மைதானம் ஒன்றைத் தேடினான். பசித்தவன் கணக்கு அது. தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தேடலில் பிறந்ததுதான் 'சியாட்டில்' என்று உள்ளுக்குள் அழைக்கப்பட்ட ஆப்டெரான் ஏ1100. ஆர்ம் நிறுவனமே வடிவமைத்த கார்டெக்ஸ் ஏ57 கோர் எட்டு. 28 நானோமீட்டர் தயாரிப்பு நுட்பம். 10 கிகாபிட் ஈதர்நெட் இரண்டு, வன்தட்டு பொருத்த 14 சாட்டா முனைகள், பிழைதிருத்தும் நினைவகம் 128 ஜிபி வரை. எல்லாம் சேர்ந்து 32 வாட். சர்வர் அறையில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியலைப் படித்தாலே கை பரபரக்கும். அதிலும் அந்த 14 சாட்டா! தனியாக ஒரு கண்ட்ரோலர் அட்டை வாங்காமல் ஒரு பெட்டி நிறைய டிஸ்க்கை நேராக மாட்டலாம்.

2014 ஜனவரியில் அறிமுகப்படுத்தினார்கள். அதே ஆண்டு வரும் என்றார்கள். வரவில்லை. 2015 போனது. முறைப்படி விற்பனைக்கு வந்தது 2016 ஜனவரியில்.

சில்லு உலகத்தில் இரண்டு வருடம் என்பது ஒரு தலைமுறை. அதற்குள் ஆர்ம் நிறுவனமே ஏ57-க்கு அடுத்த ஏ72-ஐ அறிவித்துவிட்டிருந்தது. ஏ57 கோர் கைபேசிகளில் வந்து பழசாகியும்விட்டது. இன்டெல்லும் சும்மா இருக்கவில்லை. குட்டி சர்வர் என்ற பேச்சு எழுந்தவுடனேயே 2013-ல் ஆட்டம் சி2000 வரிசையை இறக்கியது. 2015 மார்ச்சில் ஜியான் டி வந்தது: எட்டு கோர், 45 வாட், ஏற்கெனவே இருக்கும் மென்பொருள் எதையும் மாற்றவேண்டாம். 13 வாட் மிச்சப்படுத்த யார் தன் மென்பொருள் முழுவதையும் திரும்பக் கட்டுவார்கள்? கால்செடா 2013 டிசம்பரிலேயே கடையை மூடிவிட்டது. சீமைக்ரோ பெட்டிகளின் வியாபாரத்தை ஏஎம்டி 2015 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. சியாட்டில் வந்து இறங்கியபோது, அது உட்காரவேண்டிய பெட்டியே போய்விட்டது.

நான் அந்தச் சில்லில் வேலை செய்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் ஏ1100 போட்ட சிறு பெட்டி ஒன்று இருந்தது; வார இறுதிகளில் எனக்குத் தொலைவிலிருந்து நுழைய அனுமதி கொடுத்திருந்தார். முதல் நாள் நான் எதிர்பார்த்தது போராட்டம். ஆர்ம் பலகை என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), தனித்தனி கோப்பு, எங்கிருந்தோ ஒருவர் செய்துவைத்த ஒட்டுவேலை என்று பழகியிருந்தவன் நான். கைபேசி உலகத்தின் பழக்கம் அது: சில்லு செய்பவர், பலகை செய்பவர், மென்பொருள் போடுபவர் எல்லாம் ஒரே இடத்தில் கூடி ஒரு பொருளை விற்பார்கள், அதனால் பொதுவான விதி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சர்வர் அப்படியல்ல. இன்று வாங்கும் மெஷினில் நான்கு வருடம் கழித்து வரப்போகும் லினக்ஸ் தானாக ஏறவேண்டும்.

அந்தப் பெட்டியில் ஏறியது. தொடங்கும் முறை, சாதனங்களைக் கெர்னலுக்குச் சொல்லும் முறை எல்லாம் ஒரு சாதாரண சர்வர்போல இருந்தன. சாதாரணமாக இருப்பதற்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு என்று பிறகுதான் புரிந்தது. 2014-ல் ஆர்ம் நிறுவனம் எஸ்பிஎஸ்ஏ என்ற சர்வர் தரவிதியை வெளியிட்டது. ரெட் ஹாட், லினாரோ, ஏஎம்டி, இன்னும் பல நிறுவனங்களின் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் கெர்னலிலும், மெஷினைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேரிலும் உட்கார்ந்து அந்த விதியை உயிரோட்டமாக்கினார்கள். அந்த வேலையைச் சோதித்துப் பார்க்க அவர்களுக்கு மெய்யான 64 பிட் ஆர்ம் சர்வர் ஒன்று தேவைப்பட்டது. பலருக்கு அப்படிக் கிடைத்தவற்றில் சியாட்டிலும் ஒன்று. விற்பனைக் கணக்கில் தெரியாத பயன் இது. சியாட்டிலைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான்.

மெஷின் ஏறிவிட்டது. நிரல்கள் ஏறினவா என்பது அடுத்த கேள்வி. கட்டமைப்பு மாற்றம் என்றால் திரும்ப ஒருமுறை கம்பைல் செய்வது (எழுதிய நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றுவது), அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். என் கையாலேயே எழுதி, பல வருடம் ஓடிய ஒரு குட்டி நிரல் முதல் அடியைக் கொடுத்தது. ஒரு கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்து, முடிவு வந்ததும் நிற்கவேண்டும். அது நிற்கவே இல்லை. இரண்டு இரவு தேடினேன். சி மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் 'சார்' என்ற வகைக்குக் கழித்தல் குறி உண்டா இல்லையா என்பதைத் தரவிதி திறந்து விட்டிருக்கிறது. எக்ஸ்86 லினக்ஸில் அது −128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. கோப்பு முடிந்ததென்று வரும் −1, ஆர்மில் 255 ஆகி உட்கார்ந்துகொள்கிறது. −1 வரும் வரும் என்று நிரல் காத்துக்கொண்டே இருக்கிறது. பிழை என்னுடையது. எக்ஸ்86 அத்தனை வருடம் அதைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றி வந்திருக்கிறது.

அதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் இலை போட்டு, பரிமாறி முடித்து, அதற்கப்புறம்தான் வாசலில் வந்து "பந்திக்கு வாங்க" என்று கூப்பிடுவார்கள். எக்ஸ்86-ல் ஒரு கோர் இந்த வரிசையில் எழுதினால் மற்ற கோர்களும் இதே வரிசையில்தான் பார்க்கும். ஆர்மில் அந்த உறுதி கிடையாது. நினைவகத்துக்கு எழுதுவதை வேகத்துக்காக அது முன்பின்னாக மாற்றிக்கொள்ளும். இலையில் சோறு விழுவதற்கு முன்பே கூப்பிடும் குரல் வாசலை எட்டிவிடலாம். வந்து உட்கார்ந்தவருக்கு வெறும் இலை. இதைத் தடுக்கத் தனி ஆணைகள் உண்டு, மொழியிலும் வசதிகள் உண்டு. ஆனால் எக்ஸ்86-ஐ மட்டுமே பார்த்து எழுதியவர்கள் அவற்றைப் போட்டிருக்க மாட்டார்கள். பத்தாயிரத்தில் ஒருமுறை மட்டும் நிகழும் பிழை. சோதனையில் சிக்காது, விழாக்கால நெரிசலில் சிக்கும். உலகெங்கும் இப்படிப்பட்ட எத்தனை கோடி வரிகள் இருந்திருக்கும்? சில்லு செய்யும் நிறுவனம் ஒன்று, அதுவும் கையில் காசில்லாதது, இத்தனை பேரையும் போய்த் திருத்தச் சொல்லும் இடத்தில் இல்லை.

இதற்கிடையில் 2014 மே மாதம் ஏஎம்டி இன்னும் பெரிய கனவொன்றைச் சொன்னது. ஒரே பலகையில் எக்ஸ்86, ஆர்ம் இரண்டையும் மாற்றிப் பொருத்தும் ஸ்கைபிரிட்ஜ் என்ற திட்டம். கூடவே கே12: வாங்கிய கோர் இல்லை, தாங்களே முதலிலிருந்து வடிவமைக்கும் ஆர்ம் கோர். சில்லு வடிவமைப்பில் பேர்பெற்ற ஜிம் கெல்லர் தலைமை. இரு கைப்பழக்கம் உள்ளவர்கள் நாங்கள் என்று இந்த உத்திக்குப் பெயர் வைத்தார்கள். இடக்கையாலும் வில் தொடுப்பவன் என்பதால் அர்ச்சுனனுக்குச் சவ்வியசாசி என்று ஒரு பெயருண்டு. அன்று எனக்கு அந்த நினைவுதான் வந்தது. ஆனால் அர்ச்சுனனிடம் எடுக்க எடுக்கக் குறையாத அம்பறாத்தூணி இருந்தது. ஏஎம்டியிடம் ஒரு போருக்கான அம்புகள்தான் இருந்தன. அதே பொறியாளர்கள், அதே பணம், பக்கத்து மேசையில் ஸென் என்ற புதிய எக்ஸ்86 கோரும் வளர்ந்துகொண்டிருந்தது.

2014 அக்டோபரில் லிசா சூ தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2015 மே மாதத்தில் ஸ்கைபிரிட்ஜ் கைவிடப்பட்டது. கே12 2017-க்குத் தள்ளிப்போனது. செப்டம்பரில் கெல்லர் வெளியேறினார். கே12 வரவே இல்லை. 2017 ஜூனில் ஸென் கோர் போட்ட எபிக் சர்வர் பிராசசர் வந்தது, 32 கோர்களோடு. அதற்குப் பிறகு ஏஎம்டி சர்வர் சந்தையில் திரும்ப எழுந்து நின்ற கதை எல்லோருக்கும் தெரியும்.

கே12-ஐ நிறுத்தியது முட்டாள்தனம் என்று கெல்லர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். ஸென்னுக்கும் அதற்கும் பெரும்பகுதி பொதுவானதுதான், ஆணைகளைப் பிரிக்கும் பகுதியில்தான் முக்கிய வேறுபாடு என்பது அவர் வாதம். அவர் அளவு அறிந்தவர்கள் உலகத்தில் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். அப்படியும் நான் லிசா சூ பக்கம்தான் நிற்பேன். எக்ஸ்86 பிராசசரை உரிமையோடு பெரிய அளவில் செய்துவந்தவை உலகத்தில் இரண்டே நிறுவனங்கள். ஆர்ம் உரிமத்தைக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். எக்ஸ்86-ல் ஏஎம்டி இருவரில் ஒருவர். ஆர்மில் பலரில் ஒருவர். கட்டமைப்பு மாறியிருந்தால் கையில் இருந்த ஒரே அரிய சொத்து போயிருக்கும்.

யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றேன் அல்லவா, வாங்கியவர் சில்லு வியாபாரியே இல்லை. சர்வர்களை இணையம் வழியாக வாடகைக்கு விடும் அமேசான் 2015-ல் அன்னபூர்ணா லேப்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனத்தை வாங்கியது. 2018 நவம்பரில் கிராவிட்டான் என்ற தன் சொந்த ஆர்ம் சர்வர் சில்லை வெளியிட்டது. ஓராண்டு கழித்து 64 கோர் கொண்ட கிராவிட்டான் 2. அதே 2018-ல் குவால்காம் தன் சென்ட்ரிக் சர்வர் சில்லைக் கைவிட்டுக்கொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சில்லு செய்து விற்கவந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விலக, ரேக் வைத்திருந்தவர் நிலைத்தார். ஏனென்றால் அவருக்கு வாடிக்கையாளரைத் தேடவேண்டிய வேலை இல்லை. மென்பொருளின் பெரும்பகுதி அவருடையது, கரண்ட் பில்லும் அவருடையது. வெளியாருக்கு அவர் விற்றது சில்லை அல்ல, குறைந்த வாடகையை. அப்படிக் குறைந்த வாடகை கேட்டுத்தான் எங்கள் குழுவும் கிராவிட்டானுக்குப் போனது. அந்த 'சார்' பிழையை நான் ஏற்கெனவே பார்த்திருந்ததால் எங்களுக்கு ஒரு வாரம் மிச்சமானது.

2019 தொடக்கத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலாளர் வீட்டு மேசையில் ஆர்ம் மெஷின் இல்லாதவரை சர்வரில் ஆர்ம் வேரூன்றாது என்று வாதிட்டார். எதில் எழுதுகிறோமோ அதில்தான் ஓட்ட விரும்புவோம் என்பது அவர் பார்வை. 2020 நவம்பரில் ஆப்பிள் எம்1 மடிக்கணினிகள் வந்தன. 2022-ல் டோர்வால்ட்ஸ் தாமே ஓர் ஆர்ம் மேக்புக்கிலிருந்து லினக்ஸ் 5.19-ஐ வெளியிட்டார். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டும் இப்போது தங்களுக்கென ஆர்ம் சர்வர் சில்லு வைத்திருக்கின்றன. ஏஎம்டி 2012-ல் சொன்ன திசை சரிதான்.

போன மாதம் எங்கள் அறைக்குப் புதிய எபிக் சர்வர்கள் வந்தன. அந்த மூன்றாவது ரேக்கிலேயே மாட்டினோம். பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் கத்தத் தொடங்கின. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. உடனிருந்த பையன் பதறிப்போய், "சார், மெஷின் போச்சா?" என்றான். இல்லை, கொஞ்சம் பொறு என்றேன். ஏஎம்டி 2012-லிருந்து எடுத்த முடிவுகளில் ஒன்று மட்டும் எந்தச் சத்தமும் இல்லாமல் நிலைத்துவிட்டது. பிராசசரின் உள்ளே பாதுகாப்புக்கென்று ஒரு சிறு ஆர்ம் கோர் வைப்பது என்ற முடிவு அது. எபிக்கிலும் அது உண்டு. எக்ஸ்86 கோர்கள் எல்லாம் உறங்கிக்கொண்டிருக்க, முதலில் கண்விழிப்பது அதுதான். ஃபர்ம்வேரின் கையொப்பத்தைச் சரிபார்த்து, நினைவகத்தைத் தயார்செய்து, அதன் பிறகே பெரிய கோர்களை எழுப்பிவிடும். அவனுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் முதல் வரி வந்தது.